காயாத சந்தனம்

மற்ற மூன்றிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கின் முகப்பில் மட்டும் ஈரம்.

சீதா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தாள். நேற்று ஆயுத பூஜை. முதலாளி ஸ்ரீனிவாசராகவன் மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்து கேமரா, விளக்கு ஸ்டாண்டு, டீ பிளாஸ்க் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், ஜன்னலைப் பலகை அடித்து மூடிய எடிட்டிங் அறை அது. நேற்று பத்து மணிக்கு வைத்த சந்தனம் இன்றைக்குத் தொட்டால் உதிர வேண்டும். இது உதிரவில்லை. விரலில் சில்லென்று ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தாள். சந்தன வாசனை இல்லை. ஈரக் கயிறு, உப்பு, வெயில் படாத மணல்.

'தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாற்பத்தோரு வயசு, ஐப்பசி முகூர்த்தங்கள், எடிட் செய்யக் காத்திருக்கும் பதினான்கு கல்யாணம், பிடித்துக்கொண்ட இடுப்பு. இதில் மூக்கு சரியாக இருந்தால்தான் ஆச்சரியம்.

டிஸ்க்குகள் சொருகிய பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் சுழல ஆரம்பிக்கிற சத்தம் அவளுக்குத் தன் வீட்டுக் குக்கர் விசில் போலப் பழக்கம். இன்றைக்கு அதில் ஒரு குரல் குறைந்தது. மூன்று பச்சை விளக்கு. மூன்றாவது மட்டும் சிவப்பு.

போன வருஷம் அந்தப் பெட்டியை விற்க வந்தவன் சொன்னது இன்னும் ஞாபகம் இருந்தது. "தனித்தனியா ஓட்டினா படம் திக்கும் மேடம். நாலையும் சேத்துக் கட்டினா வேகம், பத்திரமும் கூட. வீட்ல நாலு பேர்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் இல்லைன்னாலும் மீதி மூணு பேரை விசாரிச்சா அவரைப் பத்தி முழுசா தெரிஞ்சுடும் இல்ல? அந்த மாதிரிதான். ஒண்ணு செத்தா, மீதி மூணும் கணக்குப் போட்டு, புதுசுல எழுதிடும். ஆனா வரிசை மாத்தி மாட்டிடாதீங்க. யார் எந்த இடம்கிறதை வெச்சுத்தான் அதுக்கு கணக்கே."

செத்த டிஸ்க்கை உருவி மேஜையில் கிடந்த பழைய வாரப் பத்திரிகை மேல் வைத்தாள். பீரோவில் இருந்த புதியதைச் சொருகினாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. ஒரு சதவீதம். சாயங்காலம் ஆகும்.

பதினோரு மணிக்குக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் ஜான்சி. ஊரூர் குப்பத்து மீனவப் பெண். இருபத்திரண்டு வயசு. ஐந்து மாத வயிறு புடவைக்குள் இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"இன்னாக்கா, இன்னிக்காவது குடுப்பியா?"

"உக்காரு ஜான்சி."

"உக்காந்து உக்காந்து உன் படிக்கட்டே தேஞ்சு பூட்ச்சு. பேசாம எனக்கு இங்கயே ஒரு செலை வெச்சுடு."

சிரித்தாள். சிரிக்கும்போது கண் மட்டும் சிரிக்கவில்லை. மே மாதம் அவளுக்கும் ஜான்சனுக்கும் மாதா கோயிலில் கல்யாணம். போட்டோ வேண்டாம், வீடியோ போதும் என்று முடிவு செய்த கல்யாணம். ஆகஸ்டில் ஒரு விடிகாலை ஜான்சன் கடலுக்குப் போனான். படகு மட்டும் திரும்பி வந்தது.

"வேற படமே இல்லையாம்மா அவரோடது?"

"மாதா திருவிழால எட்த்தது ஒண்ணு கீது. அதுல எங்காளு முதுகுதான் தெரியுது. முதுகைக் காட்டி, இவருதாண்டா உங்கொப்பன்னு சொல்லவா புள்ளைக்கு?" வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "மூஞ்சி வேணும்க்கா. அதான்."

சீதாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மண்டபக் கல்யாணங்கள் முன்னால் வந்து நிற்க நிற்க, இந்தக் குப்பத்துக் கல்யாணத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனது அவள்தான். அதைவிட மோசமாக ஒன்று. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம். படத்தை டிஸ்க்கில் ஏற்றியதும் கேமரா டேப்பைத் திரும்ப உபயோகிப்பார்கள். ஜான்சன் சிரித்த டேப்பின் மேல் இப்போது அசோக் நகர் சீமந்தம் ஒன்று இருக்கிறது. மிச்சம் இந்தப் பெட்டி மட்டும்தான்.

"சாயங்காலம் வரைக்கும் இரு. வந்துடும்," என்றாள்.

மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஜான்சி சாய்ந்து, ஏசி குளிரில் அப்படியே தூங்கிப்போனாள்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. பலகைக்கு அந்தப்பக்கம் தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தமும், கீழே துணிக்கடைக்காரன் ஷட்டரைப் பாதி இறக்குகிற சத்தமும், பெட்டிக்குள் டிஸ்க்குகள் கொறிக்கிற சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, எது வெளியே எது உள்ளே என்று பிரிக்க முடியாமல், களைத்த தலைக்குள் அலை போல வந்து வந்து போயின. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. சொட்டென்று ஒரு சத்தம். பக்கத்தில்.

மேஜையைப் பார்த்தாள். பத்திரிகை நனைந்து ஊறியிருந்தது. செத்த டிஸ்க்கிலிருந்து சந்தனம் மொத்தமாக வழுக்கி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே, அவள் கையால் எழுதி ஒட்டிய நம்பர்.

இரண்டு.

மூன்றாவது இடத்திலிருந்து உருவியது இது. மூன்று என்று இருக்க வேண்டும்.

போனைச் சுழற்றினாள். மயிலாப்பூரில் மணி நெடுநேரம் அடித்தது.

"சார், நேத்து பூஜைல டிஸ்க்கை எல்லாம் வெளியில எடுத்தீங்களா?"

"பின்ன? பெட்டி மேல மட்டும் பொட்டு வெச்சா போறுமா? உள்ள இருந்துண்டு உழைக்கறது அதுகள்தானே! ஒண்ணொண்ணா எடுத்து, துடைச்சு, சந்தனம் குங்குமம் இட்டு, பழையபடி சொருகினேன். ஏன் சீதாம்மா?"

"எந்த வரிசையில சொருகினீங்க?"

"வரிசையா? நாலும் ஒரே அச்சாதானே இருந்தது..."

ரிசீவரை வைத்தாள். இரண்டும் மூன்றும் இடம் மாறியிருக்கின்றன. செத்தது ஒருவர், பெட்டி எழுதிக்கொண்டிருப்பது இன்னொருவரை. ஆறு மணி நேரமாக. இனி வருவது வெறும் குப்பை. திரை முழுக்கக் கலர் கட்டங்கள்தான் தெரியும். ஜான்சன் இரண்டாவது முறையும் போய்விட்டான்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஃபைலைத் திறந்தாள்.

படம் வந்தது.

வரக் கூடாத படம். கோயிலுக்குப் பக்கத்து ஹால், கலர் பேப்பர் தோரணம், மேடையில் மணமக்கள். வெள்ளைப் புடவையும் தலையில் மெல்லிய வலைத்துணி நெட்டுமாக ஜான்சி வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். உறவுக்காரர்கள் வரிசையாக ஏறி, கை குலுக்கிவிட்டு இறங்குகிறார்கள். எல்லோரும் அன்று எப்படி இருந்தார்களோ அப்படியே.

அவனைத் தவிர.

கோட்டு கறுத்து, காற்றடைத்த பை போல உப்பியிருந்தது. தலைமுடி மேல்நோக்கி நின்று, மெதுவாக, மிக மெதுவாக அசைந்தது. கை குலுக்கிய ஒவ்வொருவரும் இறங்கும்போது உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அப்படி யாரும் துடைக்கவில்லை. டிஸ்க்கில் ஏற்றியபோது சீதா அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறாள். முன்பல் சந்து தெரியச் சிரித்துக்கொண்டு, நீளமான இரவல் கோட்டின் கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தான் அவன். இப்போது சிரிப்பு இல்லை. சிரிக்க முகம் இல்லை. மணலில் கிடந்து தேய்ந்த காசு போல, வழுவழுவென்று.

மூன்று பேரை விசாரித்தால் நாலாவது ஆளைப் பற்றித் தெரிந்துவிடும். எப்படி இருந்தான் என்று அல்ல. இப்போது எப்படி இருக்கிறான் என்று.

"எங்காளு கோட்டு."

காதுக்குப் பக்கத்தில் குரல். ஜான்சி எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தாள்.

"பாக்காத. போய் உக்காரு."

"மூஞ்சிக்கு இன்னா ஆச்சு?"

"இன்னும் முழுசா வரல," என்று சீதா உளறினாள். சுவிட்சை நோக்கிக் கை போயிற்று. நிறுத்தினால் எல்லாம் போகும். போகட்டும்.

ஜான்சி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வரலன்னா வரட்டும். எத்தினி நாளு காத்துக்கினு கீறேன். இத்தினி நேரம் முடியாதா?"

"ஜான்சி, சொன்னா கேளு. இது சரியில்ல."

"உன் கால்ல விழறேன்க்கா."

எண்பத்திரண்டு. காலையிலிருந்து ஊர்ந்த எண் இப்போது மடமடவென்று ஏறியது. தேய்ந்த இடத்தில் ஒரு நிழல் விழுந்தது. மூக்கு. எண்பத்தாறு. புருவம். அணைக்க வேண்டும் என்று சீதாவின் தலை சொன்னது. கை கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு ஒன்றாவது திரும்பக் கிடைக்கட்டும் என்று, களைத்துப்போன ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து கெஞ்சியது.

தொண்ணூற்றொன்று. கோட்டு வடிந்து உடம்போடு படிந்தது. தலைமுடி இறங்கியது. கண். பிறகு உதடு. பிறகு முன்பல் சந்து. ஜான்சன் கோட்டுக் கையை மடித்து விட்டுக்கொண்டு சிரித்தான்.

"வந்துட்சு," என்று ஜான்சி விம்மினாள். "அக்கா, வந்துட்சு! அதே சிரிப்பு. அய்யோ, பார்றா உங்கொப்பனை!"

சீதா அவனைப் பார்க்கவில்லை. அவன் பக்கத்தில் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணப்பெண்ணின் நெட்டு லேசாக மேலே எழும்பியது. அந்த ஹாலில் ஃபேன் கிடையாது. எழும்பியது இறங்கவில்லை. வெள்ளைப் புடவை சுற்றிலும் உப்பத் தொடங்கியது. அடுத்து மேடை ஏறிய கிழவி மணப்பெண்ணின் கையைப் பிடித்தாள். விட்டாள். தன் கையைப் புடவையில் துடைத்தாள்.

நூறு.

பெட்டியில் மூன்றாவது விளக்கு பச்சையானது. இரண்டாவது, சிவப்பு.

பெட்டியின் சத்தம் நின்றுவிட்டது. மழையும் நின்றிருந்தது. சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஒன்று. இன்னொன்று. அறைக்குள்.

மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் சில்லிட்டிருந்தன. சந்தனம் போல. ஈரமாக.

"ஜான்சி?"

"நல்லா கீதுல்லக்கா?" குரல் எங்கேயோ ஆழத்திலிருந்து வந்தது. "எங்காளு நல்லா கீறாருல்ல?"

சீதா திரும்பினாள்.

ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. முந்தானை தோளிலிருந்து மேலே எழுந்து, காற்றே இல்லாத அந்த அறையில், இறங்காமல் மிதந்தது. பின்னல் அவிழ்ந்த முடி கூரையை நோக்கி நின்று மெதுவாக, மிக மெதுவாக அசைந்தது. அதற்குக் கீழே, திரையின் நீல வெளிச்சத்தில், மணலில் கிடந்து தேய்ந்த காசு.