இரண்டு தட்டினால் வா

லீவர் N-இல் இருந்தது. மடியில் கிடந்த ஸ்கேனரின் திரை R என்றது.

லாரியின் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி அவள் லீவரை முன்னால் போகிற D வரை தள்ளி, மறுபடி எந்தக் கியரிலும் சேராத N-க்குக் கொண்டுவந்தாள். திரை மாறவில்லை. R. பின்னால் போகிற கியர். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்ட பட்டறையில், தகரக் கூரைமேல் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, கியர் எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாடைக்கு நடுவே, வண்டிக்கு அடியிலிருந்து அப்பாவின் ஸ்பேனர் சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா காட்டுது?"

"ஆர்தான்ப்பா."

"நாலு வருஷம் காலேஜுக்குப் போனது இந்த ஒரு எழுத்தைப் படிக்கத்தானா?" அடியில் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரமும் இதே வண்டி, இதே எழுத்து. லீவர் எங்கே நிற்கிறது என்று வண்டியின் கணினிக்குச் சொல்வது ஒரு சின்ன சென்சார். அது பொய் சொன்னால் வண்டி அந்தப் பொய்யை நம்பும். கழற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் கேட்டாள். "அந்த எரர் கோடை அழிச்சிட்டு அனுப்பும்மா, உன் ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்" என்றார் சூப்பர்வைசர். வேலை நிரந்தரமாக அவர் தயவு வேண்டும். அழித்தாள். 'பரிசோதித்தேன், கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். குடும்பத்தில் முதல் பட்டதாரியின் கையெழுத்து. அப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார்.

மூன்றாம் நாள், ஒரு கிடங்கில், வண்டி தானாகப் பின்னால் போனது. பின்னால் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்த கிளீனர் சுவரோடு சுவராகிப் போனார். ஐம்பது வயது. எப்போதும் ஆரஞ்சு நிறக் கையுறை போட்டிருப்பார். சூப்பர்வைசருக்கு இன்றும் வேளாவேளைக்குப் பசிக்கிறது.

"சென்சாரைக் கழட்டிட்டேன். ஒயரும் என் கையில. இப்ப?"

சென்சார் இல்லாவிட்டால் திரையில் எழுத்துக்குப் பதில் வெறும் சிறு கோடுதான் வர வேண்டும்.

R.

டப். டப்.

வண்டியின் பின்பக்கத்தில் யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாஷை. இரண்டு தட்டினால் பின்னால் வா. ஒன்று தட்டினால் நில்.

"யாரும்மா பின்னாடி?"

கண்ணாடியில் பார்த்தாள். முன் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் பாதங்கள். அதற்கப்பால் ஈரத் தரை. ஆள் இல்லை.

"யாரும் இல்லப்பா. நீ வெளிய வா."

சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த மரக்கட்டை தரையில் உரசியது. வண்டி ஒரு விரல்கடை பின்னால் நகர்ந்தது. சமதரை. இன்ஜின் ஓடவில்லை. அவள் கால் தானாக பிரேக்கை மிதித்தது. சாவியைத் திருப்பி உருவினாள். டாஷ்போர்டு அணைந்தது. திரையில் R அணையவில்லை.

"ஷாஃப்ட் சுத்துதும்மா! சட்டையைப் பிடிச்சு இழுக்குது... வண்டிய ஸ்டார்ட் பண்ணினியா?"

"இல்லப்பா! சாவி என் கையில இருக்கு!"

N காட்டாத வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் காலையில் சங்கிலி கட்டித்தான் உள்ளே இழுத்தார்கள். இழுப்பதற்காக, காற்று இறங்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பின்சக்கர பிரேக்கை போல்ட் முறுக்கி விடுவித்தது அப்பாதான். திரும்பப் பூட்டவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பூட்டிக்கொள்ளலாம், அதுவரை ஒரு கட்டை போதும். இந்தப் பட்டறையில் எப்போதும் அப்படித்தான்.

இப்போது இருப்பது அவள் காலும் கால் பிரேக்கை இயக்க டாங்கியில் மிச்சமிருக்கும் காற்றும்தான்.

சாவி இல்லாமலும் காற்றழுத்தம் காட்டும் முள் ஆறில் நின்றது. எங்கோ உஸ்ஸென்று கசிந்தது. ஐந்து.

கத்தினாள். மழை விழுங்கியது. ஹாரனுக்குக் கை போனது. அதுவும் காற்றில் ஓடுவது. கையை இழுத்துக்கொண்டாள். இறங்கி ஓடிப்போய் அவரை இழுக்கலாம். காலை எடுத்தால் சக்கரம் வரும்.

நான்கு.

"காலை எடுத்துடாதம்மா."

"எடுக்கலப்பா."

மூன்று.

கண்ணாடியின் ஓரத்தில், வண்டியின் வால் முனையில், ஒரு கை. மணிக்கட்டுவரை மட்டும். ஆரஞ்சு உறை.

டப். டப்.

"அண்ணா." அந்தக் கையைப் பார்த்துச் சொன்னாள். "அண்ணா, எழுதினது நான். கையெழுத்து என்னோடது. எங்கப்பா என்ன பண்ணினாரு?"

இரண்டு.

கதவை வெளிப்பக்கமாக அவளும் தட்டினாள். ஒரே ஒரு தட்டு.

நில்.

உரசல் நின்றது. ஷாஃப்ட் நின்றது. அப்பா மூச்சு விடுவது கேட்டது. அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள்.

டப்.

டப்.

முள் படுத்துவிட்டது. காலடியில் பிரேக் மிதி தரைவரை போனது, தண்ணீரில் கால் வைத்ததுபோல. கண்ணாடியில் அப்பாவின் குதிகால்கள் தரையில் உதைத்தன. அவற்றுக்குப் பின்னால் அந்த ஆரஞ்சுக் கை, அவசரமே இல்லாமல், விரல்களை மடக்கி மடக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வா.

வா.

லீவர் N-இல்தான் இருந்தது.