காலியாக விடும் இடம்

முதல் சிக்னலில் நின்றபோது வாலுக்கு இடது முழங்காலில் சூடு அடித்தது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் அதன் என்ஜின் விடுகிற சூடு. தடதடப்பும் கேட்டது. திரும்பிப் பார்த்தார். மழையில் நனைந்த தார் ரோடுதான் இருந்தது.

ஊர்வலத்தில் எப்போதும் கடைசி வண்டி அவருடையது என்பதால் மோட்டார் சைக்கிள் சங்கத்தில் அவருக்கு வால் என்றே பெயர். ஐம்பத்தெட்டு வயதில் இப்படியொரு பட்டம் வாங்க வேறு யாருக்குக் கொடுத்துவைத்திருக்கும். ராணுவத்தில் இருந்தவர் யார் செத்தாலும், சவ வண்டிக்குப் பின்னால் இரண்டிரண்டு வண்டியாகக் கல்லறைவரை போய் விட்டுவருவது சங்கத்தின் வழக்கம். இந்த வாரத்தில் இது மூன்றாவது. முதுகு விட்டுப்போயிருந்தது. துக்கப்படவும் தெம்பு வேண்டுமே.

முதல் வரிசையில் தலைவருக்குப் பக்கத்து இடத்தைச் செத்தவருக்கென்று காலியாக விடுவார்கள். அங்கே யாரும் ஓட்டுவதில்லை. இன்று அங்கே வாலின் தம்பி போய்க்கொண்டிருந்தான். பெட்டியில் இருந்த கிழவர் தம்பியின் பழைய ராணுவ மேலதிகாரி.

“சார் தனியாப் போகக் கூடாதுண்ணா,” என்று காலையில் பிடிவாதம் பிடித்தான். “பதினாறு வருஷம் பட்டாளத்துல அவர் பக்கத்துலயே நின்னவன் நான்.”

“அது அவரோட இடம்டா. நீ கடைசில என் பக்கத்துல வா.”

“விடுண்ணா. ஒருநாள்தானே.”

தம்பிக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி நாலு மாதம்தான். “உங்களை நம்பித்தான் அனுப்புறேன் மாமா, பத்திரமாக் கூட்டிட்டு வந்துடுங்க,” என்று அவன் மனைவி வாசல்வரை வந்து சொல்லியிருந்தாள். வாதாடத் தெம்பில்லாமல் வால் கையை அசைத்துவிட்டார். எப்படியோ போ.

பச்சை விழுந்தது. வரிசை நகர்ந்தது. தம்பி வரவேண்டிய அந்த இடது பக்கத்திலிருந்து ஈரக் கம்பளியும் பினாயிலும் கலந்த ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது, ரோட்டில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் அவருடைய சக்கரத்துக்கு விலகியதுபோலவே ஒரு முழம் தள்ளி இன்னொரு கோடாகவும் விலகிக்கொண்டே கூடவே வந்தது. தூக்கமில்லாத கண், என்னத்தையாவது காட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மேம்பாலத்துக்கு அடியில் இருட்டு. பக்கத்து என்ஜின் சத்தம் உயர்ந்தது. அவரைத் தாண்டியது. ஒவ்வொரு வரிசையாகக் கடந்து முன்னால் போனது. தம்பியிடம் போய் நின்றுவிட்டது.

வெளிச்சத்துக்கு வந்ததும் எட்டிப் பார்த்தார். அதே நீல ஜாக்கெட், அதே வண்டி. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு கூனியே உட்காருகிறவன், இப்போது முதுகை நெட்டுக்குத்தாக வைத்திருந்தான்.

கல்லறையில் பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் தடுமாறினார்கள்.

“ஏத்தும்போது இவ்வளவு கனம் இல்லையே,” என்றார் சவ வண்டி டிரைவர்.

வால் தம்பியிடம் போனார். “ஹெல்மெட்டக் கழட்டுடா.”

அவன் திரும்பவில்லை. விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். ஜாக்கெட்டின் கை மேலேறியது. மணிக்கட்டில் நூல். நூலில் பிணவறைச் சீட்டு.

பெட்டி குழிக்குள் இறங்கியது. துப்பாக்கி மரியாதையின் முதல் வேட்டு. அதன் எதிரொலி அடங்கியதும் பெட்டிக்குள் தட்டும் சத்தம்.

இரண்டாவது வேட்டு.

“அண்ணா.”

மெலிந்த குரல். உள்ளிருந்து. தம்பியின் குரல்.

மூன்றாவது வேட்டு.

வால் குழியை நோக்கி ஓடினார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

“விடுங்க. உள்ள என் தம்பி.”

“உங்க தம்பி இதோ நிக்கிறாரே வால்,” என்றார் தலைவர், தோளைத் தடவியபடி. “மூணு நாளா நீங்க தூங்கல. அழுதுடுங்க, சரியாப் போயிடும்.”

முதல் மண்வெட்டி மண் விழுந்தது. சல்யூட் அடித்த கை கீழே இறங்கி, மெதுவாக வந்து, வாலின் முழங்கையைப் பற்றியது. ஐஸ்போல இருந்தது.

“கிளம்பலாம்,” என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு கிழட்டுக் குரல். “வீட்ல எனக்காகக் காத்துக்கிட்டிருப்பா.”

பின்னால் மண் விழுந்துகொண்டே இருந்தது. நடுநடுவே உள்ளிருந்து தட்டும் சத்தம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தபடி.