ஸ்டிக்கர் கிழித்தவன்

மூன்று வாரமாக நேலாவுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை.

அவள் கடைக்குப் பக்கத்துத் தெருவுக்கு ஆறே நிமிடத்தில் போய்ச் சேரும் உருளைக்கிழங்கு வறுவல் நமுத்துப் போகிறது. லேயா ஆற்றின் பாலம் ஏறி இறங்கி, இருபது நிமிடம் கழித்து அக்கரை வீடுகளுக்குப் போய்ச் சேரும் வறுவலோ மொறுமொறுவென்று இருக்கிறது.

எப்படி...?

அதே கிழங்கு. அதே மாட்டுக் கொழுப்பு. பொரிப்பதும் அதே கைதான். ஆனால் பக்கத்துத் தெருக்காரர்கள் உணவு டெலிவரி செயலியில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். ‘ஈரத் துணியை மென்ற மாதிரி’ என்று ஒருவர் எழுதியே விட்டார். அக்கரைக்காரர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு, நன்றியும் சொன்னார்கள்.

கிழங்கை மாற்றிப் பார்த்தாள். கொழுப்பை மாற்றிப் பார்த்தாள். பொரிப்பதில் தப்பு இருக்கவே முடியாது. முதலில் மிதமான சூட்டில் ஒருமுறை, உள்ளே வேகுவதற்காக. எடுத்து ஆறவிட்டு, பிறகு நல்ல சூட்டில் மறுமுறை. அப்போதுதான் மேல்தோலில் இருக்கும் தண்ணீர் சடசடவென்று ஆவியாகி ஓடும். அந்தக் காய்ந்த தோல்தான் மொறுமொறுப்பு. சத்தம் மெலியும் அந்த நொடியில் கூடையைத் தூக்க வேண்டும். கெண்ட் நகரத்தில் நேலாவைப் போலக் காதாலேயே வறுவல் போடுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை.

பிறகு ஏன்...?

செயலிக்காரர்களுக்குப் பொறுமை இல்லை. மாதக் கடைசிக்குள் சராசரி நான்கு நட்சத்திரத்தைத் தொடாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆர்டர் அந்த வழியாகத்தான் வருகிறது. அது போனால் கடையை மூட வேண்டியதுதான். ரயில் நிலைய உணவகத்தில் எட்டு வருஷம் கால் கடுக்க நின்று, அந்தச் சேமிப்பில் எடுத்த கடை. பத்து யூரோவுக்கு விற்றால் மூன்று யூரோவை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்குக் காது மடல் சுட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அக்கரை ஆர்டரை எடுத்துக்கொண்டு டெலிவரி ஆள் கிளம்பிய பிறகுதான், இறைச்சிக் குழம்புக் கிண்ணம் மேசையிலேயே இருப்பதைப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பாலத்துக்கு முன்னால், மூடிக்கிடந்த பூக்கடையின் கூரைக்குக் கீழே அவன் சைக்கிளை நிறுத்தியிருந்தான். பையை இருக்கையின் மேல் வைத்து, பையின் வாயை மூடி ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிழித்து... கையை உள்ளே விட்டான்.

“கையை வெளிய எடுங்க” என்றாள் நேலா.

அவன் திரும்பினான். இமை முடியில் மழைத்துளி. மழை நாளில் ஆறு என்ன நிறமோ, அதே நிறத்தில் கண்கள்... அழகான கண்கள்தான். அதனாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

“எத்தனை சாப்பிட்டீங்க?”

“ஒண்ணு கூட இல்ல.”

“அப்ப உள்ள கையை விட்டு எண்ணிட்டிருந்தீங்களா?”

“உங்க வறுவலுக்கு மூச்சு முட்டுது, முதலாளியம்மா. கொஞ்சம் காத்து காட்டுறேன்.”

“கிண்டலா?”

“நெஜமாத்தான். இங்க வந்து பாருங்க, இந்த டப்பா மூடி...”

அவள் பார்க்கவில்லை. மூன்று வாரத்துக் கோபம் மொத்தமும் திரண்டு அந்தச் சின்னக் கூரைக்குக் கீழே வந்து நின்றது. ஊரான் சோற்றில் கை வைக்கிறவன் என்றாள். உன்னால்தான் என் கடை பாழாய்ப் போகிறது என்றாள். அவன் முகம் சிவந்தது. பதிலுக்குக் கத்துவான் என்று பார்த்தால், கையை நீட்டிக் குழம்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான்.

“இவ்வளவு கோபத்துலயும் ஒரு சொட்டு சிந்தாம ஓடி வந்திருக்கீங்க... அதுக்கு மட்டும் அஞ்சு நட்சத்திரம்.”

போய்விட்டான்.

கடைக்குத் திரும்பியதும் நேலா செயலியில் புகார் கொடுத்தாள். ‘ஸ்டிக்கர் கிழிக்கப்பட்டது’ என்ற பொத்தானைத் தொட்டால் போதும், அவ்வளவு சுலபம். அரை மணி நேரத்தில் லாண்டர் என்ற அவன் பெயர் திரையிலிருந்து காணாமல் போனது. அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அவளிடமும் கேட்கவில்லை. அது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது... ஆனாலும் தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த கூடையை இறக்கினாள்.

புதன்கிழமைக்குள் அக்கரையிலிருந்து வரிசையாக நான்கு ஒற்றை நட்சத்திரங்கள்.

வியாழனன்று அக்கரை ஃபபியென் அம்மாவின் ஆர்டர் வந்தது. பியானோ சொல்லிக்கொடுப்பவர், வாராவாரம் வாங்குகிறவர். அவ்வளவு தூரம் போக ஒருவரும் முன்வரவில்லை. திரையில் ‘ஆள் தேடுகிறோம்’ என்று சுற்றிக்கொண்டே இருந்தது. நேலா கடையைப் பூட்டிவிட்டுத் தானே சைக்கிளை எடுத்தாள். விதிப்படி பையை மூடி, விதிப்படி ஸ்டிக்கர் ஒட்டி.

நான்காவது மாடி. ஃபபியென் காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் இருந்தார். பையைப் பிரித்ததும் குப்பென்று ஆவி அவர் மூக்குக் கண்ணாடியை மூடியது. உள்ளே டப்பா மூடியின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். ஒரு வறுவலை எடுத்தார். அது தலையைத் தொங்கப்போட்டது.

லாண்டர் ஏன் வரவில்லை என்று கேட்டார். அவன் கொண்டுவந்தால் பை திறந்தே வருமாம். வாசலில் நின்று முதலிலேயே சொல்லிவிடுவானாம், ஸ்டிக்கரைக் கிழித்தது நான்தான், சாப்பிட்டது நான் இல்லை, வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள் என்று.

நேலா டப்பா மூடியைக் கையில் எடுத்து அந்தத் தண்ணீரைப் பார்த்தாள்.

அவள் கடைக்கு நேரில் வருகிறவர்களுக்கு வறுவலைக் காகிதத்தில் சுற்றித்தான் கொடுப்பாள். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் கட்டைவிரலால் பொட்டலத்தின் தலையில் ஒரு குத்து குத்துவார்கள். அந்த ஓட்டை வழியாக ஆவி போய்விடும். இந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை அது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் செயலி அனுப்பிய டப்பாவையும் பிளாஸ்டிக் பூசிய பையையும் குத்தக்கூடாது. பொட்டலம் மழையில் போய்க்கொண்டிருக்க, அதைக் குத்த வேண்டிய கட்டைவிரல் வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தது. வறுவலிலிருந்து கிளம்பிய ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகி, வறுவல் மேலேயே சொட்டியது. ஆறு நிமிடமே போதும்.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. கண்டுபிடித்திருந்தவனை அவள் திருடன் என்று சொல்லியிருக்கிறாள்.

“அந்த ஆப் நாசமாப் போகட்டும்” என்றாள்.

“அதை மட்டும் சொல்லாதே” என்றார் ஃபபியென். “நாலு மாடி, லிஃப்ட் இல்ல, கால்ல கட்டு. அது இல்லன்னா எனக்குக் காஞ்ச ரொட்டிதான். வாசலுக்கு வர்றதுக்காக நான் நாலு யூரோ கூடக் கொடுக்கிறேன், சந்தோஷமாத்தான் கொடுக்கிறேன். ஆனா கொடுத்த காசுக்கு ஈரத்தைத் திங்கச் சொன்னா எப்படிம்மா?”

நேலா மூடியை உதறிக் கீழே வைத்தாள். லாண்டரின் வீடு எங்கே என்று மட்டும் கேட்டாள்.

“உன் கடைக்குப் பின் சந்துதான். சைக்கிள் கடைக்கு மேல.”

“பின் சந்தா...? அப்ப ஏன் தினமும் ஆத்தைத் தாண்டி வர்றார்?”

ஃபபியென் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதை அவனிடமே கேட்கச் சொன்னார்.

புகாரைத் திரும்பப் பெறுவதாகச் செயலிக்கு எழுதினாள். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று அதே நொடியில் பதில் வந்தது. பையைத் திறந்து அனுப்பலாமா என்று எழுதினாள். அதற்கும் அதே நன்றி.

பின் சந்துக்கு நடக்க ஒன்றரை நிமிடம். ஆனால் அழைப்பு மணியைத் தொட அவளுக்கு மூன்று நாள் ஆனது. நான் போய் மன்னிப்புக் கேட்பதா... அதுவும் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு...

ஞாயிறு நண்பகலில் மணியை அடித்தாள். லாண்டர் தரையில் ஒரு ரொட்டி அடுப்பின் கதவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அடுப்பு பழுது பார்ப்பதுதான் அவனுடைய பழைய வேலை. கம்பெனியை மூடிய பிறகுதான் சைக்கிள். இப்போது அதுவும் இல்லை. உட்காரச் சொல்லவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“கேட்கல.”

“ஒரு பொத்தான். அவ்வளவுதான் நான், இல்ல? நாலு மாசம் மழையில மிதிச்சேன். பேர் இருந்துச்சு, திடீர்னு இல்ல. யார்கிட்ட போய் சண்டை போடறதுன்னு கூட எனக்குத் தெரியல.”

“என்கிட்ட போடுங்க. தப்பு என்னோடது. மூணு தடவை உங்க வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனேன்.”

“ரெண்டு தடவை.”

“மூணு.”

“ஜன்னல்ல நின்னு பார்த்தது நான்.”

“பார்த்துட்டுமா கதவைத் திறக்கல?”

“எனக்கும் கோபம்னு ஒண்ணு இருக்கும்ல...”

உதட்டோரம் ஏதோ துடித்தது. யாருடைய உதடு என்று சொல்வது கஷ்டம். அவள் தரையில், அடுப்புக் கதவுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து செயலியைத் திட்டினார்கள். வெகுநேரம் திட்டினார்கள். கடையிடம் மூன்று யூரோ, சாப்பிடுகிறவரிடம் நான்கு யூரோ, அந்த ஏழில் மிதிக்கிறவனுக்கு இரண்டே முக்கால். மீதி எங்கே போகிறது, எதற்குப் போகிறது? ஸ்டிக்கருக்கா...? வாசலுக்குச் சோறு வருவது நல்ல விஷயம்தான். மாவுக்கட்டுக் காலுக்கு அது வேண்டும். ஆனால் அந்தச் சௌகரியத்தைச் சுமக்கிறவன் இவன், பொரிக்கிறவள் அவள். நடுவில் இருப்பவன் செய்தது, ஓட்டையை அடைத்தது மட்டும்.

“ஒண்ணு கேட்கணும்” என்றாள் நேலா. “வீடு இங்க இருக்கு. அப்புறம் ஏன் அக்கரை ஆர்டரா பார்த்து எடுத்தீங்க?”

அவன் திருப்புளியைத் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

“அவ்வளவு தூரம் யாரும் போகமாட்டாங்க. வறுவல் உங்க மேசையில ஆறிட்டிருக்கும். நீங்க வாசலைப் பார்த்துப் பார்த்துத் திட்டிட்டிருப்பீங்க... அந்தத் திட்டைக் கேட்கத்தான் வருவேன். எடுத்துட்டுப் போறதை நமுத்துப்போக விட்டா, உங்க முகத்துல எப்படி முழிக்கிறது? அதான் கிழிச்சேன்.”

“நாலு மாசமா...?”

“ஹெல்மெட்டோட உங்க எதிர்லயேதான் நின்னேன். நீங்க ஆர்டர் நம்பரை மட்டும்தான் பார்ப்பீங்க.”

வெளியே மழை தொடங்கியிருந்தது. நேலா அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “அன்னிக்குப் பாலத்துக்கிட்ட எனக்கு அவ்வளவு கோபம் வந்தது எதுக்குத் தெரியுமா? திருடன்னு நினைச்சதால இல்ல. திருடனுக்குப் போய் இந்தக் கண்ணான்னுதான்...”

அவன் கை அடுப்புக் கதவைத் தாண்டி வந்து அவள் விரலைத் தொட்டது. மசி ஒட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, லாண்டர்” என்றாள். “ஆனா இன்னும் கோபம்தான்.”

“அது இருக்கட்டும்” என்றான் அவன். “அது இல்லன்னா எனக்கு உன்னை அடையாளமே தெரியாது.”

செயலிக்காரர்கள் பட்டியலிலிருந்து தூக்குவதற்கு முன்பே, மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நேலா தானே செயலியை விட்டு வெளியே வந்தாள். ஆர்டர் குறைந்தது. ஆனால் பத்து யூரோவுக்கு விற்றால் பத்தும் கடையில் நின்றது, வாடகை கொடுக்க முடிந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்கள். கடைக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நேலாவின் கையெழுத்து, கோபம் குறையாத பெரிய எழுத்து.

நடக்க முடிந்தவர்கள் நடந்து வரவும். முடியாதவர்கள் தொலைபேசியில் சொல்லவும். சைக்கிளில் இருபது நிமிடத்துக்குள் போகக்கூடிய வீடுகளுக்கு மட்டும். கொண்டுவரும் கூலி நான்கு யூரோ, முழுவதும் ஓட்டுகிறவருக்கு. பிளாஸ்டிக் பை இல்லை, ஸ்டிக்கர் இல்லை. வறுவல் காகிதத்தில் சுற்றப்படும். வாசலைத் தாண்டுவதற்கு முன் லாண்டர் கட்டைவிரலால் மேலே ஓர் ஓட்டை போடுவார்.