பி-யில் நிறுத்திய கார்

மலைச்சாமி கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, டீச்சரின் பழைய கார் நிறுத்திய இடத்தில் இல்லை. ஒரு முழம் பின்னால் வந்திருந்தது. இன்ஜின் அணைந்திருந்தது, சாவி அவன் சட்டைப்பையில் கிடந்தது. எட்டிப் பார்த்தான். கியர் பார்க்கிங்கைக் குறிக்கும் பி-யில்தான் நின்றது. அதில் போட்டால் வண்டி அசையவே கூடாது. தரை சரிவோ என்று ஒரு பேரிங் குண்டைச் சிமெண்டில் வைத்துப் பார்த்தான். அது உருளவில்லை.

எரியோடு ரோட்டில் டிராக்டரோ ஜீப்போ, சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று அவனுக்குப் பெயர். அந்தப் பெயர்தான் வினையாகப் போயிற்று. ரிட்டயர்டான ரோஸ்மேரி டீச்சர் காலையில் ஷெட்டுக்கு வந்து, "டி-யில போட்டா செத்த நேரம் கழிச்சுத்தான் நகருது மலைச்சாமி. ஆட்டோமேட்டிக் வண்டி உனக்குப் பழக்கந்தானே?" என்று கேட்டபோது, எதிர் டீக்கடையில் இருந்த நாலு பேர் இவனையே பார்த்தார்கள்.

"இம்புட்டுதானா டீச்சர்? சாயங்காலம் வாங்க."

ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியை அவன் தொட்டதே இல்லை. மற்ற வண்டிகளுக்குச் செய்வதுபோல் இன்ஜினை அணைத்துவிட்டு கியர் ஆயில் அளந்தான். நிறைய இருந்தது. அப்படியானால் கியர் கேபிள்தான் என்று முடிவுகட்டிக் கழற்றினான். திரும்ப எந்தப் பல்லில் மாட்டுவது என்று தெரியாமல் குத்துமதிப்பாக மாட்டினான். இதில் இன்ஜினை ஓடவிட்டு, சூட்டோடுதான் ஆயில் அளக்க வேண்டும் என்று திண்டுக்கல் மெக்கானிக் ரஃபீக் பாய் எப்போதோ சொன்னது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. போனை எடுத்தான். ரஃபீக்குக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்று போன வாரம்தான் டீக்கடையில் சிரித்திருந்தான். காது சுட்டது. போனை வைத்துவிட்டான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முருங்கைத் தோப்பிலிருந்து வந்த காற்றில் கருகிய ஆயிலின் வாடை ஷெட் முழுக்கப் பரவியது. அதனூடே, டயருக்கடியில் மணல் நெரியும் மெல்லிய சத்தம். பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தான். சத்தம் நின்றது. இடப்பக்கம் போய் நின்றான். கொஞ்ச நேரத்தில் காரின் பின்புறம் அவனுக்கு நேராக இருந்தது. வலப்பக்கம் போனான். அங்கேயும் அப்படித்தான். கார் திரும்பியதை மட்டும் அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவன் பாய்ந்து போய் அந்தக் கல்லைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளினான். முட்டுக் கொடுத்த வண்டியைக் கண்டால் டீச்சர் என்ன நினைப்பார்?

டீச்சர் இறங்கி, நிறைமாதமாக இருந்த மகள் ஐரினைக் கைபிடித்து இறக்கினார். ஆட்டோ போய்விட்டது.

"நாளைக்குத்தான் தேதி. இன்னைக்கே ஆஸ்பத்திரில சேத்துரலாம்னு கெளம்பிட்டோம். சரியாயிருச்சுல்ல?"

இதை எடுக்காதீங்க. அவ்வளவு சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அவமானமும் கூடவே வந்தது.

"ஆயிருச்சு டீச்சர். பி-யில வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க."

டீச்சர் உள்ளே ஏறினார். ஐரின் பையோடு பின்பக்கம் போனாள். அங்கே சுவர். சுவருக்கும் காருக்கும் நடுவில் நின்று டிக்கியைத் திறந்து, பையை வைத்து, மூடினாள்.

இன்ஜின் பிடித்தது.

மணல் நெரிந்தது.

டீச்சர் குனிந்து கைப்பைக்குள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கியர் பி-யில். கார் பின்னால் வந்தது. அவசரமே இல்லாமல். ஐரின் அதைக் கவனிக்கவில்லை. அவனுடைய முகத்தைத்தான் கவனித்தாள்.

"என்னண்ணே?"

கத்த வேண்டும். வாயைத் திறந்தான்.

"ஒண்ணுமில்லம்மா" என்றது வாய்.

அவள் சிரித்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. அங்கிருந்து நகரப் பக்கவாட்டில் திரும்ப முயன்றாள். திரும்ப இடமில்லை.