கலியபெருமாள் வீட்டு முதல் போணி

செஞ்சிக் கடைவீதியில் ஹரிகிருஷ்ணனின் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள், படியேறும்போதே "கலியபெருமாள் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படாது.

முதலாளிக்கு அது பழகிப்போய்விட்டது. அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே கலியபெருமாள் அங்கே வேலை செய்கிறார். தினமும் பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து பஸ்ஸில் வருவார். புடவையை எடுத்து ஒரு வீசு வீசினால், வெள்ளை மெத்தை மேல் சுருக்கமே இல்லாமல் விரிந்து விழும். அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே முதலாளியின் மகள் யுவஸ்ரீ, பள்ளி விட்டதும் கடைக்கு ஓடி வருவாள்.

அப்படிப்பட்டவருக்கு முட்டிவலி வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

யுவஸ்ரீயின் அப்பா சும்மா விடுவாரா? மண்டபம், மைக், பொன்னாடை, ஆளுயரப் பேனர் என்று பெரிதாகத் திட்டம் போட்டார். கலியபெருமாளின் மனைவி பூவாயிக்கு ஒரு பட்டுப்புடவையையும் பெட்டியில் போட்டு வைத்தார். பிறகு வெற்றிலை பாக்குத் தட்டோடு, யுவஸ்ரீயையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வல்லத்துக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்டதுமே கலியபெருமாளுக்கு வியர்த்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. மேடைல ஏறினா எனக்குக் காலு ஆடும். அதெல்லாம் வேணாம். நான் பாட்டுக்கு வூட்டுக்கு வந்துடறேன்."

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் மசியவில்லை. அப்பாவின் முகம் வாடிப்போனது. இத்தனை வருடம் உழைத்த மனிதரை ஒன்றுமே செய்யாமல் எப்படி அனுப்புவது? யுவஸ்ரீக்கும் மனசு கஷ்டமாக இருந்தது.

அவள் மெல்ல எழுந்து, உள்ளே வேர்க்கடலை வேகவைத்துக்கொண்டிருந்த பூவாயியிடம் போனாள். பேச்சுவாக்கில், உங்களுக்கு என்ன கலர் புடவை பிடிக்கும் என்று கேட்டாள். பூவாயி சிரித்துவிட்டார்.

"அது எனக்கே தெரியாது பாப்பா. தீபாவளி வியாபாரம் முடிஞ்சி மிச்சம் இருக்கறதுல ஒண்ணு எடுத்தாருவாரு. அதைக் கட்டிக்குவேன்."

"நீங்க கடைக்கு வந்து எடுக்க மாட்டீங்களா?"

"அவரு வேலை பாக்கற எடத்துல நான் போயி குந்தினா நல்லாவா இருக்கும்? நான் அந்தப் படியே ஏறினது இல்ல."

அதைச் சொல்லும்போது அவர் வருத்தப்படவில்லை. யுவஸ்ரீக்குத்தான் என்னவோ போலிருந்தது. ஊருக்கெல்லாம் புடவை காட்டியவர் வீட்டில், ஒருத்தர்கூட உட்கார்ந்து புடவை பார்த்ததில்லையா? வீடு திரும்பும் வழியில், பூவாயி கொடுத்த வேர்க்கடலையை வாயில் போட்டவள் மெல்லவே மறந்துபோனாள்.

"அப்பா, அந்தப் பெட்டியக் குடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை முதல் போணி அவங்களோடதா இருக்கட்டும். நீங்களே புடவைய எடுத்துப் போடுங்க."

அப்பா பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டார். கடை திறந்ததும் நடக்கும் முதல் வியாபாரம்தான் போணி. அதற்கு வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்து, சாமியே வந்தது போல உபசரிப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம்.

"நானா? கல்லாவ விட்டு எழுந்ததே இல்லையேம்மா."

"அதனால என்னப்பா? கத்துக்கலாம்."

அப்பா பைக்கைத் திருப்பி, அவர்களைக் கடைக்கு அழைக்க மறுபடியும் வல்லத்துக்கே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறந்ததும் கணவனும் மனைவியும் வந்தார்கள். யுவஸ்ரீ சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். கலியபெருமாள் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை மேல் ஏறப் போனார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் முள்மேல் உட்கார்ந்தது போல நெளிந்தார்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் புடவையை வீசினார். அது அவர் தலைமேலேயே விழுந்து மூடிக்கொண்டது. உள்ளே இருந்து, "பார்டர் நல்லா இருக்கும்மா" என்றது குரல்.

பூவாயி வாய்விட்டுச் சிரித்தார். அதோடு அவருடைய கூச்சமும் போயிற்று. இது வெளுப்பு, அது கனம், இன்னொன்றில் பூ பெரிசு என்று தள்ளிக்கொண்டே வந்தார். மெத்தையில் புடவை மலை எழும்பியது. அப்பாவின் முதுகு நனைந்துவிட்டது.

கலியபெருமாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "போதும், எதுனா ஒண்ணு எடு" என்று கிசுகிசுத்தார்.

பூவாயி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊருப் பொம்பளைங்களுக்கெல்லாம் சலிக்காம எடுத்துப் போட்டவருக்கு, எனக்குன்னா மட்டும் அவசரமா?"

கலியபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மொதலாளி, மேல் தட்டுல கத்திரிப்பூ கலரு ஒண்ணு இருக்குது. அதையும் எடுத்துப் போடுங்க. எங்க வூட்டம்மா பாக்கட்டும்."

அப்பா ஏணியில் ஏறி எடுத்து வந்தார். பூவாயி அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கலியபெருமாள் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"எனக்குப் புடிச்ச கலரு இதான் பாப்பா" என்றார் பூவாயி.

புடவைப் பையோடு எழுந்த கலியபெருமாளின் கை, தானாகவே கலைந்து கிடந்த புடவைகள் பக்கம் போனது. அப்பா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வந்தவங்க மடிக்கக் கூடாதுண்ணே. அது எங்க வேலை."

இருவரும் சேர்ந்து படியிறங்கிப் போனார்கள். அப்பாவும் மகளும் மதியச் சாப்பாடு வரைக்கும் சிரித்துக்கொண்டே மடித்தார்கள்.