மேசைக்கு வராத சாவி

விடிந்ததும் விடியாததுமாகக் கூடத்தின் நடுவில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. சின்ன மருமகள் அதைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். பெட்டிக்குள் அவளுடைய ஒன்பது வயது மகள் மிளகின் உடுப்புகள் இருந்தன. அடுக்கியவள் மாமியார். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை!

“இன்னும் புள்ளைக்குத் தலை வாரலியா? சாயங்காலம் விமானம். பெத்தவளுக்குக் கொஞ்சமாவது பதட்டம் இருக்கா பாரு!” என்று மாமியார் பெருமூச்சு விட்டாள். அது சாதாரணப் பெருமூச்சு அல்ல. அந்த வீட்டு நாட்காட்டியில் மாதம் மாறுவதே அதனால்தான். யாரும் கைவைத்துத் தாளைத் திருப்பியதாக நினைவில்லை.

“டிக்கெட் எடுத்துட்டீங்க அத்தை... ஆனா இன்னும் முடிவே எடுக்கலியே...”

“அதான் டீ குடிச்சதும் சாவி வைக்கப் போறோமே! அப்புறம் என்ன முடிவு?”

சாவி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மாமனார் பூட்டுக்காரர். வாசல் கதவில் அவர் மாட்டியிருந்த பூட்டோடு ஒரு திருடன் ஒரு முறை ராத்திரி முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, விடிந்ததும் அழைப்பு மணியை அடித்து, “ஐயா, என்னை வேலைக்குச் சேத்துக்குங்க” என்றான். சேர்த்துக்கொண்டார். நல்ல வேலைக்காரன், ஒரு நாள் லீவு போட்டதில்லை.

அந்தக் கதவுக்கு ஐந்து சாவிகள். சாவி இருப்பவருக்குத்தான் அந்த வீட்டில் வாய். முடிவெடுக்கும் நாளில் எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். சம்மதிப்பவர் தன் சாவியை மேசையில் வைப்பார். ஒரு சாவி வராவிட்டாலும் காரியம் நின்றுவிடும். பூட்டுக்காரர், மாமியார், இரண்டு மகன்கள் என்று நான்கு சாவி போக, ஐந்தாவது சின்ன மருமகளுடையது. அது வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதுவரை காய்கறிப் பையோடு வாசற்படியில் உட்கார்ந்து மாமியாரின் பகல் தூக்கம் கலையக் காத்திருந்தவள் அவள். மாமியார் கால் ஒடிந்து கிடந்தபோது தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி விட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாள் பூட்டுக்காரர் அவளுடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சாவியை வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

பெரிய மருமகளுக்குச் சாவி கிடையாது. “வெளிநாட்டுல இருக்கறவளுக்கு எதுக்கு?” என்பார்கள். அதே வெளிநாட்டில் இருந்த அவள் புருஷனிடம் மட்டும் ஒன்று இருந்தது.

அந்தப் புருஷன், வீட்டின் மூத்த மகன், வக்கீல். அதுவும் சாதாரண வக்கீல் இல்லை. குழந்தைகளின் உரிமைக்காக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கையைக் கரைத்துக் குடித்தவர். ஒரு மாநாட்டில் அவர் பேசியபோது, கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் விம்மிவிட, அன்றைக்கு அந்த மண்டபத்தில் எல்லா மொழியிலும் ஒரே அழுகைதான் கேட்டதாம். ஊருக்கு வரும்போதெல்லாம் கண்ணாடி முன் நின்று பேச்சை ஒத்திகை பார்ப்பார். சின்ன மருமகள் அவருடைய கோட்டுக்கு இஸ்திரி போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள். “பன்னிரண்டாவது விதி! தன்னைப் பாதிக்கிற எந்த விஷயத்திலும் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம். வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்!” என்று அவர் முழங்கும்போது அவள் கையில் இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் நின்று, பிறகு நகரும்.

அவருக்குக் குழந்தை இல்லை. மிளகை அவருக்குத் தத்துக் கொடுத்து அனுப்பத்தான் கூடத்தில் இந்தப் பெட்டி.

“என்னங்க... நீங்களாவது சொல்லுங்களேன்...” என்றாள் சின்ன மருமகள் தன் புருஷனிடம்.

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். “அண்ணனுக்கு எப்படிடி இல்லைன்னு சொல்வேன்? காய்ச்சல்ல கிடந்த என்னைத் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவருடி...”

ஓடியது உண்மைதான். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. ஆனால் மாமியார் சொல்லச் சொல்லத் தூரம் வளர்ந்து, இப்போது வழியில் ஒரு மலையும் இரண்டு ஆறுகளும் வந்துவிட்டன. வருகிற வருஷம் கடல் வரக்கூடும்.

டீ முடிந்தது. பூட்டுக்காரர் முதல் சாவியை வைத்தார். டக். மாமியார் வைத்தாள். டக். வக்கீல் வைத்தார். புருஷனும் வைத்தான். சுவரோரமாகப் பெட்டிமேல் உட்கார்ந்து மிளகு காலாட்டிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில், முந்தானையைச் சுருட்டியபடி, பெரிய மருமகள்.

எல்லோரும் சின்ன மருமகளைப் பார்த்தார்கள்.

அவள் சாவியை வைக்காமல் இருந்தாலே போதும். காரியம் நின்றுவிடும். காலையிலிருந்து அதைத்தான் அவளும் நினைத்திருந்தாள். ஆனால் தலை வாரும்போது ஒரு பயம் பிடித்துக்கொண்டது... இந்தக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று தனக்கும் தெரியாதே! பெரியம்மா மடியில் படுத்து அவள் சிரிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! நானும் கேட்கவில்லையே!

எழுந்தாள். மகளிடம் போனாள். அந்தச் சின்னக் கையை விரித்து, தன் சாவியை வைத்து மூடினாள்.

“இது இப்ப உன்னோடது. உனக்கு என்ன தோணுதோ அதைச் செய் கண்ணு. எதைச் செஞ்சாலும் அம்மா கோச்சுக்க மாட்டேன்.”

“அடிப்பாவி!” மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “நல்லா சொல்லிக் குடுத்து வச்சிருக்கா! பச்சப் புள்ளைய விட்டு என் மூத்தவன் வாயில மண்ணப் போடப் பாக்குறா!”

புருஷனுக்கு வேறு மாதிரி புரிந்தது. “என்னடி இது? உன் பொண்ணு வேணும்னு சொல்லக்கூட உனக்கு வாய் வரலியா? அவ்வளவுதானா... இவ்வளவு சுலபமா கை கழுவிட்டியா!”

ஒரே செய்கைக்கு இரண்டு பழி. அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாடைவரை வந்து, அங்கேயே நின்றது.

வக்கீலின் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. கண்ணாடி முன் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம், கோட்டு போடாமல் எதிரே வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“அம்மா... கொஞ்சம் சும்மா இரு.” நாற்காலியை விட்டு இறங்கினார். வெறும் தரையில், குழந்தையின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். “மிளகு, நான் உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்புதான். இப்பக் கேக்குறேன். பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. நீ சொல்றதை அப்படியே செஞ்சிடணும்னும் சட்டம் இல்ல. ஆனா நீ சொல்றதை மனசுல வாங்காம இங்க யாரும் முடிவு எடுக்க முடியாது. நான் எடுக்க விட மாட்டேன்.”

வீடு அடங்கியது. குளிர்சாதனப் பெட்டி உறுமுவதை நிறுத்தியது. தெருவில் ஹார்ன் அடிக்க வந்த லாரிக்காரன் கையை எடுத்துக்கொண்டான். பூட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குழந்தையைப் பார்க்க மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மிளகு சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பெரியம்மாவ யாராவது கேட்டீங்களா?”

ஐந்து பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெல்ல, சமையலறை வாசலைப் பார்த்தார்கள்.

பெரிய மருமகளின் முந்தானைச் சுருள் அவிழ்ந்தது. “கேக்கல கண்ணு...” என்றாள். “எனக்காக, எனக்காகன்னு சொல்லிச் சொல்லியே எல்லாம் பண்ணாங்க. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க... இன்னைக்கு இன்னொருத்தி வயித்துலேர்ந்து பிடுங்கிக் குடுக்கறாங்க. எனக்குப் பிள்ளை இல்லைங்கறது எனக்கு எப்பவோ பழகிடுச்சு. உங்களுக்குத்தான் இன்னும் பழகல!”

வக்கீல் தரையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“எனக்குப் பெரியம்மாவ ரொம்பப் பிடிக்கும்” என்றாள் மிளகு. “பெரிய லீவுக்கு அங்க வர்றேன். பனி பாக்கணும். ஆனா நான் இங்கதான் இருப்பேன்.”

“ஏன்டா கண்ணு? இங்க என்ன இருக்கு?” என்றான் அப்பன்.

“நான் போயிட்டா, அம்மா பேசறதக் கேக்க இந்த வீட்டுல ஆள் இல்லப்பா.”

சொல்லிவிட்டு, மேசைப் பக்கமே திரும்பாமல், அம்மாவின் கையில் சாவியைத் திருப்பி வைத்தாள். “இது உன்னோடது. எனக்கு வேற வேணும்.”

அவ்வளவுதான். புருஷன் ஓடி வந்து மனைவியையும் மகளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, கூடம் அதிர அழுதான். “தப்பா நினைச்சுட்டேன்டி... உன் பக்கத்துலயே இருந்துட்டு, ஒரு நாள்கூடக் காது குடுக்கலியேடி...” பெரிய மருமகளும் ஓடி வந்து கலந்துகொண்டாள். மாமியார் தன் வழக்கமான அழுகையை ஆரம்பித்துப் பார்த்தாள். வரவில்லை. பதிலாக, பழக்கமில்லாத ஏதோ ஒன்று சத்தமே இல்லாமல் கண்ணிலிருந்து வழிந்தது. அவள் பயந்துபோய்ச் சின்ன மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நாட்காட்டி அசையவில்லை.

பூட்டுக்காரரை மட்டும் காணோம்.

விடுமுறை நாளில் கடைக் கதவு திறந்திருந்தது. அரம் ஓடும் சத்தம் கேட்டது. மத்தியானம் திரும்பி வந்தவர் மேசையில் இரண்டு புதுச் சாவிகளை வைத்தார். “கடையில கொஞ்சம் பித்தளை மிச்சம் கிடந்துச்சு” என்றார்.

ஒன்று மிளகின் கழுத்தில் தொங்கியது. மற்றொன்று பெரிய மருமகளின் உள்ளங்கையில்.

சாயங்காலம் டாக்ஸி வந்தது. பெட்டியைக் காலி செய்து, அதில் பெரிய மருமகளுக்கென்று சின்ன மருமகள் தைத்த இரண்டு போர்வைகளை வைத்துக் கொடுத்தார்கள். படியிறங்கும்போது பெரிய மருமகள் நின்றாள். வாசல் கதவைச் சாத்தினாள். தன் புதுச் சாவியால் வெளியிலிருந்து பூட்டினாள். எல்லோரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வக்கீலும்தான்.

டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான். உள்ளே யாரும் கதவைத் தட்டவில்லை. “ஏம்மா” என்று ஒரு குரலும் எழவில்லை. முடிவெடுக்க அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குடும்பம் இருட்டில் நின்றது.

பிறகு, வெளியே, பூட்டு திறந்தது.