கதவில் வைத்த விசிறி

“நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!”

ஒடீல் கத்தி முடிப்பதற்குள் வீடே கறுத்துவிட்டது. நிலவறைப் படிக்கட்டு வழியாகச் சாம்பலும் புகையும் குபுகுபுவென்று ஏறிவந்து கூடத்தை நிறைத்தன. வாசற்கதவில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி, அதன் நடுவே பொருத்தியிருந்த பெரிய விசிறியை வீட்டைச் சோதிக்க வந்திருந்த பாஸ்கல் பாய்ந்து நிறுத்தினான்.

இருமி ஓய்ந்து நிமிர்ந்தபோது... அவன் முகத்தில் கண்கள் மட்டும்தான் மிச்சமிருந்தன. பழுப்புக் கண்கள். சற்று முன்பு பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது, அந்தக் கண்கள் ஒடீல்மீது ஒரு கணம் கூடுதலாகத் தங்கியதை அவள் கவனித்திருந்தாள். பிடித்தும் இருந்தது. இப்போதோ அவனைப் பனிக்குள் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது!

“அடுப்பு அணைஞ்சாச்சான்னு கேட்டேனே!” என்றான் பாஸ்கல்.

“அணைஞ்சுதான் இருக்கு! சமையலறைல போய்த் தொட்டுப் பாருங்க!”

“அப்ப கீழ எரியிற அடுப்பை யாரு மூட்டினா? நானா?”

“கீழ இறங்கிப் பார்க்கிறது யார் வேலை? என் வேலையா?”

அது அவன் வேலைதான். வீட்டுக் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறி அது. எங்கே இடுக்கு இருந்தாலும் வெளிக்குளிர் அதன் வழியே நுழைந்து காட்டிக் கொடுத்துவிடும். தணல் இருக்கும் வீட்டில் போட்டால் புகைபோக்கியில் இறங்கும் காற்று அடுப்பையே வாரிக் கொட்டும். எல்லா அடுப்பையும் கை வைத்துப் பார்க்காமல் அவன் ஒருநாளும் விசிறியைப் போட்டதில்லை. இன்று மறந்தது ஏன் என்று அவனுக்குத் தெரியும்... எதிரே நின்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

பின்கதவு திறந்தது. கை நிறைய விறகோடு ஒடீலின் அப்பா ரோசேர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கடைசியாக அவன் சட்டையில் தைத்திருந்த எழுத்தைப் படித்தார். எரிபொருள் உதவித் திட்டம்.

“புகைபோக்கி பார்க்க ஆள் வருதுன்னுதானே சொன்ன?”



எங்கள் பள்ளத்தாக்கில் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் முதலில் அடுப்பை மூட்டுவோம். ‘ரோசேர் வீட்டுல குளிருதுப்பா’ என்று வந்தவன் ஊரில் போய்ச் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்! அதற்காக மனிதர் மிச்சம் பிடித்து வைத்திருந்த நல்ல விறகையெல்லாம் நிலவறை அடுப்பில் போட்டு மூட்டியிருக்கிறார். வீடு எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்க வருகிறவனுக்காக வீட்டைச் சூடாக்கி வைக்கிற கூத்து எங்களுக்குத்தான் வரும்.

“பிச்சைக்கு எழுதிப் போட்டியா?” அவர் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“பிச்சை இல்லப்பா... வீட்டைச் சூடாக்குற எண்ணெய் டாங்க்ல அடியில கிடக்கு. இன்னிக்கு ராத்திரி எப்பேர்ப்பட்ட குளிர்னு ரேடியோல கேட்டீங்கல்ல? தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிச்சா அவ்வளவுதான். நாளைக்கு அண்ணன் வர்றான். ‘இனிமே இங்க இருக்க வேணாம்’னு நம்மளக் கார்ல ஏத்திடுவான். வீட்டை வித்துடுவான்.”

“வேற யாராவது இல்லாதவங்களுக்குப் போகட்டும் அந்த எண்ணெய். தம்பி, உன் சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

ஒடீல் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது. வீட்டுக்காரர் வாயால் சரி என்று சொல்லாமல் எண்ணெயும் வராது, குளிர் புகாமல் சுவருக்குப் பஞ்சு அடைக்கிற ஆட்களும் வர மாட்டார்கள்.

“கிளம்புறேன் ஐயா,” என்றான் பாஸ்கல். “ஆனா இந்தக் கரி என்னால வந்தது. துடைச்சிட்டுத்தான் போவேன்.”

தன் குப்பையைத் தானே கூட்டுகிறேன் என்கிறவனை எப்படித் துரத்துவது? ரோசேர் சமையலறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் அவன் தணலை இரும்பு வாளியில் அள்ளிப் பனியில் கொட்டிவிட்டு வந்தான். அடுப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு அவனும் ஒடீலும் ஆளுக்கொரு சுவராகத் துடைத்தார்கள்.

“அந்த மூலைல இன்னும் கறுப்பா இருக்கு,” என்றாள்.

“அது உங்க நிழல். கொஞ்சம் தள்ளுங்க.”

சிரிப்பு வந்துவிட்டது. இந்த நேரத்தில் சிரிப்பு ஒரு கேடா என்று தன்மீதே எரிச்சலும் வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது... குளிர் இறங்க ஆரம்பித்துவிட்டது.

மாடியில் ஓர் அறைக்கதவில் அவன் கை வைத்ததும் ஒடீல் குறுக்கே ஓடி வந்து நின்றாள். “அங்க வேணாம்!”

ஆனால் அவன் பார்த்துவிட்டான். சுவரிலிருந்து விலக்கி அறை நடுவே இழுத்துப் போட்ட கட்டில். போர்வைமேல் ஒரு தடித்த கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறைகள். ஒன்றும் கேட்காமல் கீழே போனான்.

“ஐயா, அடுப்பு ஆறிடுச்சு. விசிறியை இன்னொரு தடவை போடுறேன். உதவிக்காக இல்ல. இந்த வீட்டைக் கட்டின மனுஷன் நீங்க... காத்து எங்க ஒழுகுதுன்னு நீங்களே பாத்துக்கங்க. அப்புறம் நான் போயிடுறேன்.”

“என் வீடு ஒழுகுதா?” ரோசேர் விருட்டென்று எழுந்தார். “போடு! எங்க ஒழுகுதுன்னு நானும் பாக்குறேன்!”

விசிறி சுழன்றது. அவர் சுவர் சுவராகக் கை வைத்துக்கொண்டே போனார். கூடத்தில், “இதெல்லாம் ஒரு காத்தா?” என்றார். மாடிப்படியில் பேச்சு குறைந்தது. ஒடீலின் அறைக்குள் நுழைந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தும் திரை உப்பி ஆடிக்கொண்டிருந்தது. “அப்பா, அங்க...” என்று அவள் தொடங்குவதற்குள் அவர் கை சுவரில் பட்டு, சுட்டாற்போல விலகியது.

மெதுவாகத் திரும்பினார். கட்டிலைப் பார்த்தார்.

“இதையெல்லாம் போட்டுக்கிட்டா தூங்குற?”

“எப்பவாவதுதான்ப்பா...”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீங்க விறகு வெட்ட ஓடுவீங்க. டாக்டர் கோடாலியையே தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு...”

ரோசேர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகளின் கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அழுது ஒடீல் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

“தம்பி,” என்றார் நிமிராமலே, “அந்த எண்ணெய் வண்டியை வரச் சொல்லுப்பா. பஞ்சு அடைக்கிற ஆளுங்களையும்.” மூக்கை உறிஞ்சினார். “ஒடீல், அவனுக்கு ரெண்டு ப்ளோய் அப்பம் சுட்டுக் குடு. காலைலேர்ந்து கரியத் தவிர எதையும் தின்னிருக்க மாட்டான்.”

இருட்டுவதற்குள் வண்டி வந்தது. டாங்க் நிறைந்தது. கீழே வீட்டைச் சூடாக்கும் எந்திரம் உறுமத் தொடங்கியது. பாஸ்கல் விசிறியைக் கழற்றித் தன் வண்டியில் ஏற்றிவிட்டு வாசலில் வந்து நின்றான்.

“நாளைக்குக் காலைல எங்க ஆபீஸ்லேர்ந்து சோலாஞ்னு ஒருத்தங்க வருவாங்க. இனிமே உங்க வீடு அவங்க பொறுப்பு.”

“நீங்க...?”

“நான் வர மாட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. “அப்பா பேசினதுல கோபமா? இப்ப ஆளை மாத்தினா நாங்க வரிசைல கடைசிக்குப் போயிடுவோம். பஞ்சு அடைக்கிறதுக்குள்ள கோடையே வந்துடும்!”

“போக மாட்டீங்க. ஆபீஸுக்கு ஃபோன் போட்டுப் பேசிட்டேன்.” தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். “ஒரு விதி இருக்கு. சொந்தக்காரங்க வீட்டையும் வேண்டியவங்க வீட்டையும் நாங்க பார்க்கக் கூடாது.”

“நாங்க உங்களுக்கு என்ன சொந்தம்?”

“அதையேதான் ஆபீஸ்லயும் கேட்டாங்க.”

“என்ன... சொன்னீங்க?”

அவன் காதுகள் சிவந்தது குளிரால் அல்ல. “அந்தப் பொண்ணு வீட்டைப் பத்தி இனிமே என்னால நேர்மையா எழுத முடியாதுன்னேன். சின்ன இடுக்கும் எனக்குப் பெருசாத் தெரியுது. அவ குளிர்ல படுக்கக் கூடாது... அது மட்டும்தான் தோணுதுன்னேன்.” ஒரு மூச்சு விட்டான். “எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு, ஒடீல். ஒரு நாள்ல இப்படிச் சொல்றது கிறுக்குத்தனம்தான்...”

அவள் இதயம் அடித்துக்கொண்ட சத்தத்தில் கீழே எந்திரம் ஓடுவதே கேட்கவில்லை.

“யாரு அது, கதவைத் திறந்து போட்டுக்கிட்டு?” உள்ளிருந்து ரோசேர் கத்தினார். “வந்த சூடெல்லாம் தெருவுக்குப் போகுது! சாத்துங்க!”

“சாத்துறேன்ப்பா!”

அவன் சட்டென்று பின்வாங்கிப் படியில் கால் வைத்தான். ஒடீல் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். உள்ளே இழுத்தாள்.

“எனக்கும்தான்,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.